மதுரை முதல் செங்கோட்டை வரை: வேளை பார்த்துச் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முறை திருநெல்வேலிக்குப் போனபோது பகல் பதினோரு மணிக்கு நெல்லையப்பர் கோயில் எதிரே போய் நின்றேன். இருட்டுக்கடை எது என்று கேட்டதற்கு, பூ கட்டிக்கொண்டிருந்த ஆச்சி சிரித்துவிட்டார். "அது சாயந்தரம்லா தொறப்பாவ. இப்ப வந்து என்ன செய்ய?" அன்று மதியம் எனக்கு நாகர்கோவில் பஸ். அல்வா வாயில் படாமலே ஊரைத் தாண்டினேன்.

வேலை காரணமாக அதற்குப் பிறகு பல வருஷம் தென்மாவட்டங்களில் சுற்றினேன். வெளியூரில் சாப்பாடு ஏமாற்றியதாகச் சொல்பவர்களில் பாதிப்பேர் நல்ல கடைக்குத்தான் போயிருப்பார்கள், போன வேளைதான் தப்பு. மூன்றரை மணிக்குப் போய்ச் சாப்பாடு கேட்டால் அடிக்குழம்புதான் வரும். காலை எட்டு மணிக்குப் பரோட்டா கேட்டால் முந்தின ராத்திரி மிஞ்சியது வரலாம். அதனால் இந்த வழிகாட்டியில் கடைப் பட்டியலைவிடக் கடிகாரம் அதிகமாக வரும். மதுரையில் தொடங்கி விருதுநகர், கோவில்பட்டி, நெல்லை, தென்காசி, செங்கோட்டை போய், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்கே திரும்பும் பாதையை உதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதே முறையை வேறு எந்த ஊருக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

முதல் படி: நாட்காட்டியைப் பாருங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே செய்யவேண்டியது இது. அசைவம் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் புரட்டாசியைத் தவிர்த்துவிடுங்கள். கடைகள் திறந்திருக்கும், ஆனால் ஆள் வராது என்று குறைவாகச் சமைப்பார்கள், வகையும் சுருங்கிவிடும். அமாவாசை, கிருத்திகை நாட்களிலும் கொஞ்சம் இதே கதைதான். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நாட்கள்தான் கொண்டாட்டம்.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் செங்கோட்டை வழியாகவும் பெருங்கூட்டமாகச் சபரிமலைக்குப் போவார்கள். குற்றாலத்திலும் தென்காசியிலும் அப்போது உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். கூட்டம் அப்போதும் உண்டு, ஆனால் அருவியில் குளித்துவிட்டு வரும் பசிக்கு ஈடு கிடையாது. மதுரைச் சித்திரைத் திருவிழா சமயத்தில் சாமி பார்க்கப் போங்கள், சாப்பிடுவதற்கென்று போகாதீர்கள்.

தை மாதம் போகிறவர்களுக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. திருமங்கலத்துக்குப் பக்கத்தில் வடக்கம்பட்டி என்று ஒரு கிராமம். தமிழ்நாடெங்கும் பார்க்கிற முனியாண்டி விலாஸ் ஓட்டல்களைத் தொடங்கியவர்களின் சொந்த ஊர் அதுதான். அங்கே முனியாண்டி கோயில் விழாவில் பிரசாதமே பிரியாணி. ஊர் ஊராக ஓட்டல் நடத்துகிற குடும்பங்கள் அதற்காகவே திரும்பி வருவார்கள்.

இரண்டாம் படி: அந்த ஊருக்கு எது கைவந்தது என்று கேளுங்கள்

ஒவ்வோர் ஊரிலும் ஒன்றிரண்டு பண்டம்தான் அந்த ஊர்க்காரர் கையில் தானாக வரும். மற்றதெல்லாம் வெளியூர்க்காரருக்காகப் பட்டியலில் போட்டு வைத்தது. கோவில்பட்டியில் போய்ப் பிரியாணி தேடுவது வீண். கரிசல் மண்ணில் விளைகிற நிலக்கடலையும் வெல்லப் பாகும் சேர்ந்த கடலைமிட்டாய்தான் அந்த ஊர். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கு முந்தின வருஷமே கிடைத்துவிட்டது. சாத்தூருக்குக் காராச்சேவு. விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா. கல்லில் சுடாமல் எண்ணெயிலேயே பொரித்து எடுப்பார்கள், விளிம்பு மொறுமொறுவென்றிருக்கும். எண்ணெய் மண்டிகளும் மிளகாய் வியாபாரமுமாக வளர்ந்த ஊருக்கு அது பொருத்தமான பண்டம்தான். அங்கே பர்மா கடை என்றால் யாரும் வழி சொல்வார்கள்.

திருநெல்வேலிக்கு அல்வா போலவே சொதியும் ஒன்று. பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால் சேர்த்து வைப்பது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். நெல்லைச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்து அது. எல்லா ஓட்டலிலும் கிடைக்காது. கிடைக்கிற இடத்தில் கிடைக்கிற நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் ஒரு தாளில் ஊர்ப்பெயரும் பக்கத்தில் பண்டமும் எழுதுங்கள். ஓர் ஊருக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். பத்து எழுதினால் பத்தையும் முடிக்கவேண்டும் என்ற பதற்றம் வந்துவிடும், அப்புறம் சாப்பாடு பரீட்சை மாதிரி ஆகிவிடும்.

மூன்றாம் படி: பண்டத்துக்குப் பக்கத்தில் மணியை எழுதுங்கள்

மதுரையை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஊரில்தான் இருபத்துநான்கு மணி நேரத்துக்கும் வேலை இருக்கிறது. தூங்கா நகரம் என்பது சும்மா அடைமொழி இல்லை. வேறு ஊர்களில் இட்லி காலைச் சாப்பாடு, மதுரையில் அது ராத்திரிச் சாப்பாடும்கூட. இரவு பதினொன்றுக்கு மேல் பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் ஆவி பறக்கிற இட்லியும் மூன்று நான்கு சட்னியும் எங்கேயாவது காத்திருக்கும்.

விடிந்ததும் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டு, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் சேர்த்துக் காய்ச்சுவார்கள். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரம் தெரிந்தால் நில்லுங்கள். குடித்தால் ஒன்பது மணி வரை பசிக்காது. இது தெரியாமல் அதன்மேல் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப்பேர்.

மதியம் ஒரு வேளைதான் இருக்கிறது என்றால் அதை மெஸ்ஸுக்குக் கொடுங்கள். பன்னிரண்டே முக்காலுக்குள் இலைமுன் இருக்கவேண்டும். முதல் பந்தியின் குழம்பு வேறு, மூன்றாவது பந்தியின் குழம்பு வேறு. சுக்கா, ஈரல், குடல் எல்லாம் அன்றைக்கு வெட்டிய அளவுதான் இருக்கும். இரண்டு மணிக்கு "முடிஞ்சிருச்சு" என்று சொல்கிற கடையிடம் கோபப்படாதீர்கள். மறுநாளைக்கு மிச்சம் வைக்காத கடை அது.

மதியம் சாய்கிற நேரத்துக்கு மேற்குச் சித்திரை வீதிப் பக்கம் நடந்தால் கோபு ஐயங்கார் கடை. வெள்ளையப்பத்துக்குப் பேர்போனது. உள்ளே போன உடனே "வெள்ளையப்பம் எப்போ?" என்று கேட்டுவிடுங்கள், அதற்கென்று நேரம் உண்டு. வெயில் தணிவதற்குள் விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடிக்கலாம். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். இதை ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவுக்குப் பிறகு குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு அவர்களுடையது.

இருட்டிய பிறகு கறிதோசை. அடியில் கனமான தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி, மூன்றும் ஒரே கல்லில் ஒட்டிவரும். சிம்மக்கல் கோனார் கடையை ஊரே கைகாட்டும். ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். முழுசாக ஒருவரே முடித்தால் அன்றைக்கு வேறு எதுவும் இறங்காது.

இதே மாதிரி மற்ற ஊர்களுக்கும் மணி குறித்துக்கொள்ளவேண்டும். பரோட்டா எங்கேயுமே பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடுகிற பண்டம். மாவு பிசைந்து, உருட்டி, எண்ணெயில் ஊறி, மாஸ்டர் கை சூடேறி வர ஏழு மணியாவது ஆகிவிடும். இருட்டுக்கடை மாலை ஐந்தரைவாக்கில் திறக்கும், கொண்டுவந்த அல்வா தீர்ந்ததும் மூடிவிடும். சில நாள் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே. ஐந்து மணிக்கே வரிசையில் நில்லுங்கள். பெட்டியில் வாங்குவது வீட்டுக்கு. உங்களுக்கென்று நூறு கிராம் தனியாக வாங்கி, நின்ற இடத்திலேயே சூடாகச் சாப்பிடுங்கள். பிறகு வாய்க்குக் கொஞ்சம் மிக்சர் போட்டுக்கொள்வது நெல்லைப் பழக்கம், திகட்டாது.

நான்காம் படி: கேட்பது ஒரு கலை

லாட்ஜ் வரவேற்பில் கேட்காதீர்கள். பக்கத்துக் கடையையோ, கமிஷன் தருகிற கடையையோதான் சொல்வார்கள். ஆட்டோக்காரரிடம் "நல்ல ஓட்டலுக்குப் போங்க" என்று சொன்னால் உங்கள் சட்டையைப் பார்த்துக் கண்ணாடிக் கதவு போட்ட இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுவார். அவர் பேரில் தப்பில்லை.

தினமும் வெளியில் சாப்பிடுகிறவர்களைப் பிடியுங்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், மாற்றலாகி வந்து தனியாக அறை எடுத்திருக்கும் வங்கி ஊழியர்கள், கோர்ட்டு வாசல் குமாஸ்தாக்கள், மொத்த வியாபாரக் கடைகளில் நிற்கும் சிப்பந்திகள். இவர்களுக்குக் காசும் முக்கியம், வயிறும் முக்கியம். தினம் சாப்பிட்டும் உடம்பு கெடாத இடம் இவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வியையும் மாற்றவேண்டும். "இங்க எது பேமஸ்?" என்று கேட்டால் நீங்கள் ஏற்கெனவே போனில் பார்த்த பெயரைத்தான் திருப்பிச் சொல்வார்கள். "அண்ணே, நீங்க நேத்து மத்தியானம் எங்கண்ணே சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். அல்லது "வீட்டுக்கு விருந்தாளி வந்தா எங்கருந்து வாங்கிட்டுப் போவீங்க?" முதல் கேள்விக்கு மெஸ் பதிலாக வரும், இரண்டாவதற்குப் பிரியாணிக் கடை. நெல்லைப் பக்கம் வியாபாரியிடம் பேசினால் அண்ணாச்சி என்று தொடங்குங்கள், பாதி வேலை முடிந்தது. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே கடையைச் சொன்னால் மூன்றாவது ஆளைக் கேட்கவேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பெயர்ப்பலகையை நம்பாதீர்கள்

முனியாண்டி விலாஸ் என்று எத்தனையோ ஊரில் பலகை தொங்குகிறது. அது ஒரே முதலாளியின் கிளைகள் இல்லை. வடக்கம்பட்டிச் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் தனித்தனியாக நடத்துபவை, குலசாமி பெயர்தான் பொது. ஆக, ஒன்று நன்றாக இருந்தது என்று அடுத்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு நுழையக்கூடாது. நெடுஞ்சாலையெங்கும் பித்தளை டபரா படம் போட்ட கும்பகோணம் டிகிரி காபிப் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கும் கும்பகோணத்துக்கும் எந்த உறவும் இல்லை. காபி நன்றாக இருந்தால் குடியுங்கள், ஊர்ப்பெருமையை எதிர்பார்க்காதீர்கள். திண்டுக்கல் தலப்பாக்கட்டி பெயர் கோர்ட்டு வரை போய்வந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரே தெருவில் "ஒரிஜினல்", "பழைய", "புகழ்பெற்ற" என்று மூன்று பலகை இருந்தால், பலகையே சரியாக இல்லாத நான்காவது கடைதான் நீங்கள் தேடுவதாக இருக்கலாம். இருட்டுக்கடைக்குப் பெயரே வெளிச்சம் இல்லாததால் வந்ததுதானே.

சில பெயர்களில் வரலாறு ஒளிந்திருக்கும். செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில் "பார்டர்" கடைகள் இருக்கின்றன. இன்றைய கேரள எல்லை அங்கிருந்து இன்னும் மேற்கே, புளியரை தாண்டி. அப்புறம் ஏன் பார்டர்? செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, அப்போதைய எல்லை பிரானூர் பக்கம்தான். எல்லை நகர்ந்துவிட்டது, பரோட்டா நகரவில்லை. ரஹ்மத் கடையில் பரோட்டாவைப் பிய்த்து இலையில் போட்டு, சால்னாவை ஊற்றி, நாட்டுக்கோழி வறுவலோ காடையோ பக்கத்தில் வைப்பார்கள். அருவியில் தலை நனைந்து போகிறவர்களுக்கு அதுதான் வேளை.

ஆறாம் படி: போனில் எதைப் பார்ப்பது

நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். கருத்துகளைப் புதியவை முதலில் வரும்படி மாற்றி, கடைசி மூன்று மாதத்தை மட்டும் படியுங்கள். மாஸ்டர் மாறினால் கடையே மாறிவிடும், ஐந்து வருஷத்துக்கு முந்தின பாராட்டு எதற்கும் உதவாது. அப்புறம் தேடல் கட்டத்தில் பண்டத்தின் பெயரைப் போடுங்கள். குடல், சால்னா, ரசம் என்று தமிழில் தேடினால் உள்ளூர்க்காரர் எழுதியது வரும். குறைகளையும் பாருங்கள். "காரை நிறுத்த இடமில்லை", "ஏசி இல்லை", "பக்கத்தில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்" என்று ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். "ரசம் புளித்துப்போயிருந்தது" என்று இருவர் எழுதியிருந்தால் போகமாட்டேன்.

ஏழாம் படி: வாசலில் ஐந்து நிமிஷம்

எந்தக் கடையாக இருந்தாலும் உள்ளே நுழையுமுன் எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். எல்லா இலையிலும் பொதுவாக என்ன இருக்கிறது? அதுதான் நீங்கள் சாப்பிடவேண்டியது. பார்சல் வாங்குகிறவர் தூக்குவாளியோடு வந்திருக்கிறாரா? அப்படியானால் பக்கத்துத் தெருக்காரர், தினமும் வருகிறவர். குழந்தைகளுக்கு ஊட்டிவிடுகிற அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? காரமும் எண்ணெயும் அளவோடு இருக்கும். தோசைக்கல் முன் நிற்பவர் ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் கல்லைத் துடைக்கிறாரா, அல்லது போனில் பேசிக்கொண்டே ஊற்றுகிறாரா?

கை கழுவுமிடத்தையும் எட்டிப் பாருங்கள். அடுப்படி எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு சாம்பிள். உணவுப் பாதுகாப்பு உரிமம், பதினான்கு இலக்க எண்ணோடு, கல்லாப் பக்கம் மாட்டியிருக்கவேண்டும். இல்லாத சின்னக் கடைகளிலும் நான் சாப்பிட்டதுண்டு, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே கண்முன் பொரித்ததைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

எட்டாம் படி: இலை விழுந்த பிறகு

பட்டியலைக் கையில் வாங்காமல் "இப்ப சூடா என்னண்ணே இருக்கு?" என்று கேளுங்கள். பரிமாறுகிறவருக்கு அடுப்பில் எது இறங்கியது என்று தெரியும். முதல் சுற்றில் கொஞ்சமாக வாங்குங்கள், பிடித்ததை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

மதுரை மெஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாடு வைத்ததும் ஒருவர் பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக அயிரை மீன், நண்டு, சுக்கா, மூளை, காடை எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே நீட்டுவார். பார்க்கவே கண்காட்சி மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. ஒருமுறை நண்பர்கள் நாலுபேர் போனபோது, தட்டில் இருந்த பெரிய மீனை நான் ஆசையாகக் காட்டிவிட்டேன். விலை கேட்க வெட்கம். சாப்பாடு நாலுக்கும் சேர்த்து வந்ததைவிட அந்த ஒரு மீனுக்கு அதிகமாக வந்தது. "சைஸ் பாத்துதான் சார் ரேட்டு" என்றார் கல்லாக்காரர். அன்றிலிருந்து தட்டு வந்ததும் முதலில் வாயைத் திறந்து விலை கேட்கிறேன். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

ஒன்பதாம் படி: பில்லும் வயிறும்

சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டரை இரண்டரையாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். ரூ.7,500க்கு மேல் அறை வாடகை உள்ள பெரிய ஓட்டலின் உணவகம் என்றால் 18. சிறு வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கிற கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவே கூடாது. பில்லில் சேவைக் கட்டணம் என்று ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம், அதைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022இலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. சண்டை போடத் தேவையில்லை, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சொன்னாலே போதும். பரிமாறியவருக்குக் கொடுப்பது வேறு விஷயம். அதைப் பில்லில் தேடாமல் கையில் கொடுங்கள்.

தண்ணீர் சூடாக இருந்தால் குடியுங்கள், இல்லையென்றால் பாட்டில். ஒரு நாளைக்கு ஒரு கனமான வேளை போதும், மற்றவை இட்லி, பழம், மோர் என்று இருக்கட்டும். வயசானவர்களோடு போனால் ராத்திரிப் பரோட்டாவை விட்டுவிடுங்கள். நெடுந்தூரப் பஸ் நிற்கிற வழியோர மோட்டல்களைப் பற்றி எழுதினால் கை நடுங்கும். வாழைப்பழமும் கடலைமிட்டாயும் பையில் இருந்தால் அங்கே கழிப்பறைக்கு மட்டும் இறங்கி ஏறிவிடலாம்.

எல்லாவற்றையும் சேர்த்தால்

வெள்ளி இரவு மதுரையில் இறங்கி இட்லி. சனிக்கிழமை காலை பருத்திப்பால், கோயில், மதியம் மெஸ்ஸில் முதல் பந்தி. ஒன்றரைக்குள் கிளம்பினால் நான்குவழிச் சாலையில் சாத்தூரில் சேவும் கோவில்பட்டியில் கடலைமிட்டாயும் வாங்கிக்கொண்டு, அல்வா வரிசைக்கு ஐந்து மணிக்குத் திருநெல்வேலி போய்விடலாம். நின்று நின்று போகாதீர்கள், தூரம் நூற்றறுபது கிலோமீட்டர் இருக்கும். விருதுநகர்ப் பரோட்டா இந்தத் திட்டத்தில் அடிபடும், அதற்குத் தனியாக ஒரு சாயங்காலம் வேண்டும். அல்வா முடித்துத் தென்காசிக்கு ஒன்றரை மணி நேரம், நேரே பிரானூர் போய்ப் பரோட்டா. ஞாயிறு காலை அருவி. திரும்பும்போது கடையநல்லூர், ராஜபாளையம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலைச் சுற்றிலும் பால்கோவாக் கடைகள்தான். சூடாகக் கிளறி இறக்கியது இருக்கிறதா என்று கேட்டு, சுவை பார்த்துவிட்டு வாங்குங்கள். வெறும் பாலும் சர்க்கரையும் என்பதால் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடவேண்டும். கடலைமிட்டாயை வாரக்கணக்கில் வைக்கலாம்.

ராத்திரி ரயிலுக்கு மதுரை ஸ்டேஷனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டால், எதிரே பிரேமா விலாஸில் சூடாக அல்வா கிடைக்கும். நெல்லையில் வரிசை நகருமுன் அல்வா தீர்ந்துபோய் ஏமாந்தவர்களுக்கு அது ஆறுதல். திருநெல்வேலிக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.